அரை கிலோ

மூட்டை தூக்கிப் பிழைக்கிற மனுஷன் சோற்றுத் தட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை அங்காளம்மாள் அந்த வைகாசியில்தான் பார்த்தாள்.

அவள் புருஷன் தேசப்பன் சாப்பாட்டில் குறை வைக்கிற ஆளே இல்லை. ஆரணிக் கடைத்தெரு நெல் மண்டிகளில் மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால், முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்கார்ந்து, கேழ்வரகுக் களி உருண்டை இரண்டைக் கருவாட்டுக் குழம்பில் முக்கி முக்கி விழுங்குவான். பிறகு பானையைச் சாய்த்துப் பார்த்து, “இன்னாமே, அவ்ளோதானா?” என்பான். மீதி இருப்பது அவளுக்கு என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். சாயங்காலமானால் ஆற்று மணலில் சடுகுடு. ஆள் குள்ளம்தான், தொடை இரண்டும் உரல் மாதிரி. ‘சடுகுடு சடுகுடு’ என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிராளிகள் பக்கம் நுழைந்துவிட்டால், மூன்று பேர் காலைக் கட்டித் தொங்கினாலும் அவர்களையும் சேர்த்து இழுத்து வந்து நடுக்கோட்டைத் தொடுவான். பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை வரைக்கும் ஆட்டக்காரர்களுக்கு அவன் பெயர் தெரியும்.

குழுவுக்குக் கேப்டன் அருணகிரி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்தால் திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குத்தான் திரும்புவான். அவனும் மண்டியில் மூட்டை தூக்கினவன்தான். சடுகுடு ஆடித்தான் கம்பெனிக்குள் போனான். அதனால் அவன் சொல்கிற வார்த்தைக்கு ஊரில் ஒரு கனம் இருந்தது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அருணகிரி வந்தான்.

“டேய் தேசப்பா, கும்முடிப்பூண்டி ரோட்ல முந்திரித் தோப்ப வெட்டிட்டு குழாய்க் கம்பெனி ஒண்ணு கட்டிக்கினு கீறாங்களே, பாத்தியா? அங்க டீம் எடுக்குறாங்க. பொன்னேரி டோர்னமென்டுக்கு அவுங்க ஆபீஸரு வர்றாரு. நல்லா ஆடுறவனப் பேரு எழுதிக்கினு போயி வேல போட்டுக் குட்த்துடுவாங்க. பர்மனன்ட்டு.”

தேசப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்காளம்மாள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஆனா ஒண்ணு. அது அம்பத்தஞ்சு கிலோ ஆட்டம். ஆட்டத்தன்னிக்குக் காலீல எல்லாரையும் நிறுத்து எட போடுவாங்க. ஒரு பொட்டு மேல போனாலும் வெளியதான். நீ எவ்ளோ கீற?”

அங்காளம்மாள் வேலை செய்கிற அரிசி மில்லில் நெல் நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்பது.

“நாலு கிலோதானேண்ணா, ஒரு பூசணிக்கா வெயிட்டு” என்று அங்காளம்மாள் சிரித்தாள். “ரெண்டு நாளு களி போடாம வுட்டா தன்னால கொறஞ்சிடும்.”

அன்றைக்கு எல்லோருமே சிரித்தார்கள்.

அருணகிரி தனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் சொல்லிவிட்டுப் போனான். சோறு, களி கூடாது. காலையில் கொள்ளு வேகவைத்த தண்ணீர், மத்தியானம் வெந்த முட்டையில் வெள்ளை மட்டும், ராத்திரி ஒரு பச்சை வெங்காயம். விடியக்காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரை வரை ஓட வேண்டும். அங்காளம்மாளும் மனசார ஒத்துழைத்தாள். வீட்டில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். கருவாடு வறுக்கிற வாசனை பட்டாலே அவன் வெறி பிடித்தவன் போல் எழுந்து வெளியே போனதால், குழந்தைக்கு வேண்டிய கஞ்சியைப் பக்கத்து வீட்டு ரோசம்மாள் அடுப்பில் காய்ச்சினாள். தன் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போய், நெல் காய்கிற களத்தோரம் உட்கார்ந்து சாப்பிட்டு, வாளியை அங்கேயே அலம்பிக்கொண்டு வந்தாள்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது. தேசப்பன் லேசாகத் துள்ளி நடந்தான். “கால்ல ரெக்க கட்ன மாதிரி கீதுமே” என்றான். அப்புறம் எடை அசையவே இல்லை. கொள்ளுத் தண்ணீர்தான், வெங்காயம்தான். தராசு முள் நின்ற இடத்திலேயே நின்றது. மறுவாரம் வந்த அருணகிரி முகத்தைச் சுளித்தான்.

“உப்ப வுட்டியா? உப்புதான்டா தண்ணியப் புடிச்சி வெச்சிக்கினு கீது. உப்பு வோணாம். தண்ணியும் கொற. நாக்கு காஞ்சா ஒரு எலுமிச்சம்பழத்த வாயில வெச்சிக்கினு, துப்பிடு. வயித்துக்கு வெளக்கெண்ண எட்த்துக்க.”

அந்த வாரத்திலிருந்துதான் அங்காளம்மாளுக்குப் பயம் பிடித்தது.

கத்திரி வெயில் முடிந்தும் வெயில் முடியவில்லை. களத்தில் நெல்லைக் காலால் துழாவிவிடும்போது பாதம் பொரிந்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். அந்த வெயிலில் அவன் மூட்டை தூக்கினான், ஒரு டம்ளர் தண்ணீரோடு. கன்னம் ஒட்டிப்போய், கண் குழிக்குள் இறங்கி, உதடு வெடித்துப் புண்ணானது. வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. காய்ச்சல்காரர்களிடம் வருகிற மாதிரி. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று தரையை உதைப்பான். அவள் எழுந்து காலைப் பிடித்துவிட்டால் கையில் தட்டுப்படுவது சதையாகவே இருக்காது, முறுக்கின கயிறு.

ஒரு நாள் காலையில் வேலியோரம் அவன் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த இடத்தை அவள் தற்செயலாகப் பார்த்தாள். மண்ணில் காவி கரைத்துக் கொட்டினது போல் இருந்தது. அதுவும் ஒரு கை அளவுதான்.

“யோவ், இன்னாய்யா இது, இந்தக் கலர்ல?”

“சூடு.”

“சூடுன்னா இப்டியா போவும்? டாக்டராண்ட ஒரு தபா காட்டலாம் வா.”

“கேப்டன் சொன்னாரு சூடுதான்னு. அவருக்கும் அப்டித்தான் போச்சாம். நீ சொம்மா கீறியா?”

அவன் இப்படி எரிந்து விழுகிற ஆள் இல்லை. அவள் காலால் மண்ணைத் தள்ளி அந்த இடத்தை மூடினாள்.

அன்று சாயங்காலம் குழந்தை பச்சையம்மா தத்தித் தத்திப் போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் குனிந்து தூக்கினான். இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுகிற நெல் மூட்டையைத் தனியாகத் தோளுக்கு ஏற்றுகிற ஆள். குழந்தை மார்பு உயரத்துக்கு வந்ததும் அவன் விரல்கள் தானாக விரிந்துகொண்டன. அங்காளம்மாள் துடைப்பத்தை எறிந்துவிட்டுப் பாய்ந்து குழந்தையின் ஒரு கையைப் பிடித்துவிட்டாள். குழந்தை அலறியது. தேசப்பன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கை கேக்கலமே” என்றான் மெதுவாக.

மறுநாள் களத்தில் ரோசம்மாளிடம் சொல்லி அழுதாள். ரோசம்மாள் வயதில் மூத்தவள். மில்லில் அவளோடு ஜோடி போட்டு, காய்கிற நெல்லைப் பரப்பப் பலகை இழுக்கிறவள்.

“போதும்னு சொல்லுடி. வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க?”

“சொன்னா எரிஞ்சி வுழுறாருக்கா.”

“வுழுந்தா வுழட்டும். ஆளு இருந்தாத்தானே எரிஞ்சி வுழுறதுக்கு?”

அங்காளம்மாள் பலகையை இழுத்தாள். ரோசம்மாளிடம்கூடச் சொல்லாத ஒன்று அவள் மனசில் இருந்தது. அந்த வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது. மண்டியில் மூட்டை தூக்கின கிழவர்களை அவள் தினம் பார்க்கிறாள். நாற்பது வயசிலேயே கழுத்து முன்னால் வளைந்து, நிமிர்ந்து ஆகாயத்தைப் பார்க்க முடியாமல், தரையைப் பார்த்தபடியே கடைத்தெருவில் டீ வாங்கிக் குடிப்பார்கள். தேசப்பன் கழுத்தில் இப்போதே ஒரு காய்ப்பு. கம்பெனிக்குள் போய்விட்டால் அந்தக் கழுத்து தப்பிக்கும் என்று நினைத்து நினைத்து அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள். இன்னும் நாலு நாள். இன்னும் மூணு நாள். கடைசி இரண்டு நாள் அவன் எதுவுமே சாப்பிடவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினதோடு சரி.

ஆட்டத்து நாள் ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு லீவு இல்லை. நவரைப் பட்டத்து நெல் வந்து குவிந்திருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே பெண்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். சைக்கிள் கேரியரில் தேசப்பனை உட்கார வைத்துக்கொண்டு அருணகிரி வந்தான். கடைசியாக ஒரு தரம் எடை பார்த்துவிட்டு அப்படியே பொன்னேரி பஸ் ஏறுவதாகப் பேச்சு. கேரியரிலிருந்து இறங்கும்போது தேசப்பன் தள்ளாடி, தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அங்காளம்மாள் தூரத்திலிருந்து பார்த்தாள். அருணகிரி தராசுக் குண்டைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகமே சொல்லிவிட்டது.

“எவ்ளோண்ணா?” என்று ஓடி வந்து கேட்டாள்.

“அர கிலோ. அர கிலோதான் தங்கச்சி கூட நிக்குது. சே!”

“வுட்டுடுங்கண்ணா. வேற ஆட்டம் வராமயா பூடும்?”

“வேற ஆட்டம் வரும். வேல வருமா?” அருணகிரி குரலைத் தாழ்த்தினான். “நீ போயி வேலயப் பாரு. நான் பாத்துக்கறேன்.”

தேசப்பன் அவளைப் பார்த்தான். பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கண் அவள் மேல் நிற்கவில்லை, அவளைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அவள் களத்துக்குத் திரும்பினாள். இரண்டு சால் பலகை இழுத்திருப்பாள். நிமிர்ந்து பார்த்தபோது தராசருகே ஆள் இல்லை. சைக்கிள் மட்டும் நின்றது. பலகையை அப்படியே போட்டுவிட்டு நெல் அவிக்கிற கொட்டகைப் பக்கம் ஓடினாள்.

அந்தக் கொட்டகையில் உமி போட்டு எரிக்கிற பாய்லர் இருந்தது. அதிலிருந்து போகிற ஆவிக்குழாயில்தான் ஊறின நெல்லை அவிப்பார்கள். குழாய் போகிற வழியில் சின்னதாக ஒரு அறை. பழைய சாக்குப் போட்டு வைக்கிற இடம். ஜன்னல் கிடையாது. அதன் தகரக் கதவுக்கு முன்னால் அருணகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பாய்லர்காரர் குப்புராஜ் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

“கேப்டனே, போதும்பா. மொதலாளி வந்தா எனக்குப் பேஜாரு.”

“இன்னும் கொஞ்ச நேரம். பஸ்ஸுக்கு டைம் கீது.”

“எங்க அவரு?” என்றாள் அங்காளம்மாள்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“சடுகுடு சடுகுடு சடுகுடு சடுகுடு…”

“கம்பளியும் சாக்கும் சுத்தி உக்கார வெச்சிருக்கேன்” என்றான் அருணகிரி. “வேர்வ ஊத்துச்சின்னா அர கிலோ ஓடியே பூடும். பயப்படாத. பாடிக்கினே இருன்னு சொல்லிக்கீறேன். பாட்டு வந்தா ஆளு தெம்பாக் கீறான்னு அர்த்தம். பாட்டு நின்னா கதவத் தொறந்துடுவோம்.”

“ரெண்டு நாளா தண்ணி குடிக்காத ஆளுண்ணா அவரு!”

“நானும் இப்டித்தான் தங்கச்சி உள்ள போனேன். எனக்கு யாரு, ஆத்தாளா அப்பனா, வெளிய நின்னு பாத்தாங்க? இன்னிக்கி மாசம் பொறந்தா கவர்ல சம்பளம் வாங்குறேன். அவன் கழுத்தப் பாத்தியா நீ? இன்னும் அஞ்சே நிமிசம். இப்பத் தொறந்தா இத்தினி நாளு பட்ட பாடு அத்தினியும் வீணு. உன் இஷ்டம். தொறக்கறதுன்னா தொற.”

அவள் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. தகரம் சுட்டது. கழுத்து என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவள் திறக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று மணலில் எத்தனையோ சாயங்காலம் அவள் கேட்ட பாட்டு; கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது அவன் பாட்டு என்று சொல்வாள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுந்தது. சடுகுடு… சடு… குடு… பிறகு நின்றது.

“அண்ணா!”

“இரு, மூச்சு வாங்குறான்.”

மறுபடி ஆரம்பித்தது. அதே தாளம்தான், அதே வேகம். ஆனால் சொல் வேறு. அவள் தகரத்தில் காதை வைத்துக் கேட்டாள்.

“தண்ணி தண்ணி தண்ணி தண்ணி…”

குப்புராஜ் அருணகிரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “யப்பா, கேட்டியா?” என்றார். “எல்லாரும் கேப்பாங்க. அது… அது அப்டித்தான்” என்றான் அருணகிரி. ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதை அவனும் விட்டுவிட்டான்.

பாட்டு நின்றது. ஏதோ கனமான பொருள் சாக்குக் குவியல் மேல் சாய்கிற சத்தம்.

அங்காளம்மாள் தாழ்ப்பாளை இழுத்தாள். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. ஆவி மூட்டத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவி, கிடைத்த கம்பளியைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேருமாக அவனைக் கொட்டகைத் தரைக்கு இழுத்துப் போட்டு, சாக்கையும் கம்பளியையும் பிரித்து எறிந்தார்கள். கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. பல் கிட்டியிருந்தது. அவன் மார்பில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஒரு சொட்டு வேர்வை இல்லை. தோல் காய்ந்த தோசைக்கல்லாகக் கொதித்தது.

“வேர்வயே இல்லியேண்ணா! வேர்வ வரும்னியே! இன்னாண்ணா இது!”

குப்புராஜ் ஓடிப்போய் நெல் ஊறுகிற தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற உடம்பு இழுத்துக்கொண்டு துள்ளியது. அங்காளம்மாள் ஒரு கை தண்ணீரை அவன் வாயில் விட்டாள்; அது உள்ளே போகாமல் மூக்கு வழியாக வந்து புரையேறியது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். கேட்டபோதெல்லாம் கொடுக்காத தண்ணீர், இப்போது கொடுத்தால் இறங்கமாட்டேன் என்கிறது.

அதற்குள் களத்துப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். செங்குன்றத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பவிருந்த லாரியை ரோசம்மாள் குறுக்கே நின்று மறித்தாள். மூட்டைகள் மேல் ஈரச் சாக்கை விரித்து அவனைக் கிடத்தினார்கள். அங்காளம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள, அருணகிரி கால்மாட்டில் உட்கார்ந்தான். குழந்தையை ரோசம்மாள் பார்த்துக்கொள்வாள்.

பொன்னேரி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் ஒரு கையால் ஈரத் துணியை அவன் நெற்றியில் வைத்திருந்தாள்; மறு கையை மூக்குக்கு நேரே வைத்திருந்தாள். ரோட்டுக் குழியில் லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் காற்று மூச்சா, சும்மா அடிக்கிற காற்றா என்று தெரியாமல் போகும். உடனே குனிந்து மூக்கின் மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். சாமியைக் கூப்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கை தாழ்ப்பாள் மேல் இருந்ததே, இருந்ததே என்பதுதான் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது.

பொன்னேரிக்குள் நுழையும்போது பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பந்தல் கால்களுக்குக் கலர்க் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அருணகிரி அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினது அருணகிரிதான். டாக்டர் இளவயசுக்காரர். இமையைத் தூக்கிப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் மடிந்தபடியே நின்றது. ஃபேனைப் போட்டு, உடம்பு முழுக்க ஈரத்துணி சுற்றச் சொல்லி, இரண்டு கையிலும் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

“கடைசியா என்னம்மா சாப்பிட்டாரு?”

அங்காளம்மாளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. “வியாழக்கெழம… ஒரு வெங்காயம் சார்.”

டாக்டர் அருணகிரி பக்கம் திரும்பினார். அவன் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

“அம்பத்தொன்பது கிலோ. மூட்டை தூக்குற உடம்பு. இதுல கரைக்கிறதுக்குக் கொழுப்பு எங்கய்யா இருக்கு? சதையைக் கரைச்சீங்க, அப்புறம் ரத்தத்துல இருக்கிற தண்ணியை வத்த வச்சீங்க. ஆடப் போறவனுக்கு உப்பும் தண்ணியும் சோறும்தானேய்யா பலம்? அதைப் பிடுங்கிட்டு அவனை எதை வச்சு ஆடச் சொன்னீங்க?” அவர் சத்தம் போடவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. “அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறந்திருந்தா நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருந்திருக்காது.”

“இப்ப உயிருக்கு ஒண்ணும்…” என்று அங்காளம்மாள் ஆரம்பித்தாள்.

“சூடு இறங்கிட்டா நினைவு வந்துடும். ஆனா அதோட முடியலைம்மா. இப்படி ஆன உடம்புல சிறுநீரகம் அடைச்சுக்கும். இவ்வளவு தண்ணி ஏத்துறோம் இல்லையா, அது கீழ வரணும். சாயங்காலத்துக்குள்ள மூத்திரம் போனாருன்னா பிழைச்சாரு. போகலைன்னா மெட்ராஸுக்கு அனுப்பணும். அங்க போயும் என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

அருணகிரி வராந்தாவில் அவளருகே வந்து நின்றான். “தங்கச்சி, மைதானத்துல ஆறு பசங்க காத்துக்கினு கீறானுங்க. சொல்லாம வுட்டா…”

“போங்கண்ணா” என்றாள். கோபம்கூட அவளுக்கு வரவில்லை. அதற்கெல்லாம் உள்ளே இடமில்லை.

பிறகு காத்திருப்புதான். நர்ஸ் ஜானகியம்மாள் கட்டிலுக்கடியில் எனாமல் பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் தேசப்பனுக்கு நினைவு வந்தது. யார் என்று தெரியாதவன் போல் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “எட போட்டாங்களா?” என்றான்.

“போட்டாங்க, போட்டாங்க. நீ பேசாத.”

“சரியா வந்துச்சா?”

“வந்துச்சிய்யா. கண்ண மூடு.” பொய் சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். “ஒண்ணுக்கு வருதா? வந்தா சொல்லு.”

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

ஒரு பாட்டில் தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குகிற தண்ணீரை அவள் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த பழவேற்காட்டு மீன்காரர், “இன்னாம்மா, வந்துச்சா?” என்று கேட்டார். வார்டு முழுக்க விஷயம் பரவியிருந்தது. வாசலுக்கு வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்கடியில்தான் பார்த்தார்கள். ஜானகியம்மாள் வந்து அவன் காதருகே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற மாதிரி ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஊற்றிக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கி, சுவரில் மஞ்சளாக நின்றது. ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லியனுப்பலாமா என்று டாக்டர் நர்ஸிடம் கேட்டது அங்காளம்மாள் காதில் விழுந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போன யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

“அங்காளு” என்றான் தேசப்பன்.

“இன்னாய்யா?”

“அது… வர்ற மாதிரி கீது.”

அவள் பாய்ந்து பாத்திரத்தை எடுத்தாள். அவசரத்தில் அது கட்டில் காலில் இடித்து ஓசை எழுப்பியது. முதலில் ஒன்றுமில்லை. அவன் முக்கினான், வலியில் முகம் கோணியது. “மெதுவாய்யா, மெதுவா” என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு எனாமலில் ஒரு சொட்டு விழுகிற சத்தம். இன்னொன்று. பிறகு நூல் பிடித்தாற்போல் வந்தது. கறுப்பாக, டிகாஷன் மாதிரி. போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

அங்காளம்மாள் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். சிந்திவிடுமோ என்று பயந்து, ஓட்டத்தை நடையாக்கினாள். “நர்ஸம்மா! டாக்டரே! வந்துட்டுது! பாருங்க, வந்துட்டுது!” வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு வெட்கமும் அவளுக்கு இல்லை. டாக்டர் பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இன்னும் போகணும். ஆனா வழி திறந்துடுச்சும்மா” என்றார். “உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. அவசரப்படாதீங்க. சோறு ரெண்டு நாள் கழிச்சுத்தான்.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அருணகிரி திரும்பி வந்தான். முழங்காலில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் புழுதி. தேசப்பனுக்குப் பதிலாக அவனே இறங்கி ஆடியிருக்க வேண்டும். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். அங்காளம்மாள் தேசப்பனுக்குக் கஞ்சித்தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

“ண்ணா, ஆட்டம் இன்னா ஆச்சி?” என்றான் தேசப்பன். எடை போட்டார்கள் என்று அவள் சொன்னதை அவன் நம்பவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“தோத்துட்டோம்டா.”

“ஆபீஸரு?”

அருணகிரி தன் முழங்காலைப் பார்த்தான். “மீஞ்சூருப் பசங்க ரெண்டு பேர எட்த்துக்கினாரு. அவ்ளோதானாம். டீம் முடிஞ்சிதாம்.” அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். “என்னிய ரெண்டு சாத்து சாத்து தேசப்பா. நான் இன்னா நெனச்சிகினு… தங்கச்சி, நீயாவது எதுனா திட்டும்மா.”

அவள் கரண்டியைக் குவளையில் வைத்துவிட்டுத் தேசப்பனைப் பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஊசி குத்தின கை போர்வைமேல் அப்படியே கிடக்க, தோள் மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை. இழுப்பு வந்துவிட்டதோ என்று பதறி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

விரல் நனைந்தது.

அவள் அந்த விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மறுபடி அவன் கன்னத்தைத் தொட்டாள். குழிந்த கண்ணோரத்திலிருந்து இறங்கி, வெடித்த உதடு வரைக்கும் வந்து நின்றிருந்தது.

“நர்ஸம்மா!” என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். “இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன். அழுவுறாரு நர்ஸம்மா. கண்ணுல தண்ணி வருது!”